ஆங்கில எழுத்துக்கூட்டலில் பழனி: திரிபா, சான்றா?

ஊர்ப்பெயர்களின் பழைய ஆங்கில வடிவங்களை ‘ஆங்கிலேயர் நாவில் நேர்ந்த சிதைவு’ என ஒதுக்குதல் நம் ஆய்வுலகில் வழக்கமாகியுள்ளது. பழனியின் பெயர் இம்முடிவை மறுபரிசீலிக்கத் தூண்டுகிறது.

ராபர்ட் வைட் 1837இல் இம்மலைத்தொடர் குறித்து எழுதிய கட்டுரையில் இப்பெயர் பி, யு, எல், என், இ, ஒய் என்னும் எழுத்துகளால் அமைந்துள்ளது. இன்று காண்போர் அதனைப் ‘புல்னி’ எனப் படிப்பர். எழுதியோர் கருதிய ஒலி அதுவன்று. ஆங்கிலத்தில் ‘யு’ எழுத்துக்கு நிலைத்த ஒலி இல்லை. ‘புட்’ என்பதில் உகரமாகவும் ‘கட்’ என்பதில் அகரத்தை ஒட்டியும் ஒலிக்கும். இந்தியச் சொற்களின் அகரத்தைக் குறிக்க அக்காலத்தார் பின்னதையே கொண்டனர். தமிழ்க் ‘கறி’ ஆங்கிலத்தில் ‘யு’ பெற்றதும், பஞ்சாபின் பெயரில் அவ்வெழுத்து இன்றும் நிற்பதும் இதனாலேயே. இறுதி ‘இ, ஒய்’ இணை, பணத்தைக் குறிக்கும் ‘மனி’ என்னும் சொல்லில் போல இகரமாகும். எனவே அவ்வடிவம் ‘பல்னி’ என்றே ஒலிக்கும். ழகரம் லகரமானதும் இடையுயிர் கெட்டதுமே உண்மையான திரிபுகள்.

வில்லியம் ஜோன்ஸ் 1788இல் முன்வைத்த எழுத்துப்பெயர்ப்பு முறை அகரத்திற்கு ‘ஏ’ எழுத்தை வகுத்தது. அதன்வழி வந்த ஹண்டர் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு ஏற்புப் பெற்றது. இம்பீரியல் கெசட்டியரில் பழனி ‘ஏ’ எழுத்துடன் இடம்பெற்றது. எனினும், 1863இல் பெட்டோம் இம்மலையின் பெயரால் சுட்டிய பாம்பினத்தின் அறிவியற்பெயரில் பழைய ‘யு’ இன்றும் நீடிக்கிறது. முதல் எழுத்துக்கூட்டலைப் பேணுவது விலங்கியற் பெயரிடல் மரபு.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி, சில நாட்களிலேயே அவ்வாணையைத் திரும்பப் பெற்றது. எவ்வடிவம் சரி என்பதை அரசு முடிவு செய்யலாம். அம்முடிவு பழைய ஆவணங்களை மாற்றாது. மின்னணுத் தொகுப்புகளில் இன்றைய வடிவத்தை மட்டும் தேடும் ஆய்வாளருக்கு 19ஆம் நூற்றாண்டுப் பழனியின் பெரும்பகுதி புலப்படாமலே போகும். தேடியும் கிட்டாததைச் சான்றில்லை எனக் கொள்ளும் பிழைக்கு இது வழிவகுக்கும்.

ஆகவே, பழனி, பழநி என்னும் தமிழ் வேறுபாட்டையும் உள்ளடக்கி, ஊர்ப்பெயர் வடிவங்களைக் கால வரிசையில் தரும் அடைவுகளை மாவட்டந்தோறும் உருவாக்குதல் தமிழ்த்துறைகளின் உடனடிக் கடமையாகும்.