எண்பது வயதில் கழன்ற கேப்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று தென் சென்னையில் எங்கு திரும்பினாலும் பல் மருத்துவமனைப் பலகை கண்ணில் படும். அறுபதில் போட்ட கேப் எண்பதில் கழன்றுபோனால் அங்கே இரண்டு பதில்கள் வரக்கூடும். ஒன்று, "பிடுங்கிட்டு இம்ப்ளான்ட் வெச்சிடலாம்." மற்றொன்று, "இந்த வயசுல எதுக்கு சார்?" கேப் ஏன் கழன்றது என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஒட்டிய சிமென்ட் மட்டும் கரைந்திருந்தால், பழைய கேப்பையே சுத்தம் செய்து திரும்ப ஒட்டலாம். ஓரத்தில் சிறு சொத்தை என்றால் அடைத்துப் பார்க்கலாம். புது கேப் நிற்க, ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நல்ல பல் மிஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் கழலும். வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டும்.

அடுத்து, மாத்திரைப் பெட்டி. ரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சில மருந்துகள் வாயை உலர்த்திவிடும். எச்சில் குறைந்த வாயில் கேப்பின் ஓரம் சீக்கிரம் சொத்தையாகும். பல் எடுக்கப் போவதால் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்துவது ஆபத்து. ஒரு பல்லுக்கு அது பொதுவாகத் தேவையும் இல்லை. எலும்புத் தேய்மானத்துக்கு ஜோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் ஊசி போட்டவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் வாய்ப்பு, குறைவானாலும், உண்டு. அவர்களில் சிலருக்கு வேர் சிகிச்சை செய்து வேரை அப்படியே விட்டுவைப்பதே பாதுகாப்பு.

எல்லா இடைவெளியையும் நிரப்பியாக வேண்டும் என்றும் இல்லை. கடைவாய்ப் பற்கள் சில போனாலும் பலருக்கு மெல்லுவது தடைபடாது என்று நெதர்லாந்தின் பல் மருத்துவர் கைசர் 1981இல் எழுதினார். எண்பது வயதில் இருபது பற்களாவது இருக்கட்டும் என்ற இயக்கத்தை ஜப்பான் 1989இல் தொடங்கியது. ஆனால் பல் செட்டின் கம்பி பிடித்து நிற்பதே கேப் கழன்ற அந்தப் பல்லில்தான் என்றால் கணக்கு மாறிவிடும்.

மாற்று வழிகளையும், சிகிச்சையை மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று நோயாளியின் சம்மதம் பற்றிய சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இலேயே கூறிவிட்டது. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கேப்புக்குக் கை கொடுப்பதில்லை. பென்ஷனிலிருந்தோ, வெளிநாட்டுப் பிள்ளைகளிடமிருந்தோதான் பணம் வர வேண்டும். அதனால் வாய்ப்பேச்சு போதாது. ஒட்டுவது, புதிதாகப் போடுவது, எடுப்பது, இப்போதைக்கு விட்டுவைப்பது ஆகிய நான்குக்கும் செலவையும் அபாயத்தையும் மருத்துவர் தமிழில் ஒரே தாளில் எழுதித் தரட்டும். வலியோ வீக்கமோ இல்லாதவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.