பொன்னாடை பிறகு, என்ன மருந்து அடித்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

தொழிலாளர் பாராட்டு விழா குறித்துச் சங்கச் செயற்குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை

ராயப்பன்பட்டி



இந்த அறுவடை முடிந்ததும் ஊரில் தொழிலாளர் பாராட்டு விழா நடத்துவதென்று திராட்சைத் தோட்ட உரிமையாளர்கள் சிலர் முடிவு செய்திருக்கிறார்கள். தோட்டத்துக்கு ஒருவரைச் சிறந்த தொழிலாளியாகத் தேர்ந்தெடுத்து மேடையில் பொன்னாடை போர்த்துவார்களாம்; மற்றவர்களுக்குப் பாத்திரமும் மதியச் சாப்பாடும் தருவார்களாம். பெயர்ப் பட்டியலைத் தொழிலாளர் சங்கமே தர வேண்டும், நிர்வாகிகள் மேடையில் அமர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். செயற்குழுவில் இதுபற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. இன்னும் முழுதாகத் தீரவில்லை. பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டதை இங்கே அறிவிக்கிறோம்.

  எந்தத் தோட்டத்தின் பெயரும் இந்த அறிக்கையில் இல்லை. ஒரே தெருவில் குடியிருந்து ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள் நாம், உறவு கெட வேண்டாம் என்று குழுவில் மூத்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள்; அதற்கு இணங்கினோம்.

பாராட்டுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல

நன்றி சொல்வதைக் கம்பம் பள்ளத்தாக்குக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணைக்காக ஜான் பென்னிகுவிக்கின் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறோம். அவர் பிறந்த ஜனவரி 15-இல் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்ப் மணிமண்டபத்தில் மாலை போடுகிறார்கள். நியாயமான நன்றி அது. அதே அணைக்காகக் கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, காட்டுக் காய்ச்சலில் செத்துப்போன கூலி ஆட்களில் ஒருவர் பெயராவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே, வேலை செய்தவரின் பெயரைச் சொல்லி நாலு பேர் முன்னால் பாராட்ட ஒருவர் முன்வந்தால், அதை நாங்கள் வரவேற்கவே செய்வோம்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது, நாங்களும் மகிழ்ந்தோம். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கொடி இது. இன்று ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி என்று பந்தல் பந்தலாக நிற்கிறது. முதல் போட்டவரின் துணிவும் பாடுபட்டவரின் கையும் சேர்ந்து வளர்த்த கொடி. அந்தக் கைகளுக்கு மரியாதை செய்வதென்றால் எங்கே தொடங்குவது என்பதில்தான் நாங்கள் மாறுபடுகிறோம்.

சிறந்த தொழிலாளி என்று ஒருவரைப் பிரிப்பது

பந்தல் வேலை ஒருவர் தனியாகச் செய்கிற வேலை அல்ல. ஒருவர் கவாத்து வெட்ட, ஒருவர் கொடியை இழுத்துக் கட்ட, இன்னொருவர் நுனி கிள்ளிக்கொண்டே வருவார். கூட்டாகச் செய்த வேலைக்கு ஒரே ஒருவரை மேடையேற்றினால், மறுநாள் காலையில் அந்தக் கூட்டத்துக்குள் மனக்கசப்புதான் மிஞ்சும். தொழிலாளருக்குள் போட்டியை மூட்டும் எண்ணம் உரிமையாளர்களுக்கு இருப்பதாக நாங்கள் சொல்லவில்லை. ஆனால் விளைவு அதுவாக இருக்கக்கூடும் என்று கருதுகிறோம்.

மருந்து அடித்த தோட்டம்

இந்த அறிக்கையின் காரணமே இதுதான். சுருக்கமாக எழுதும்படி சிலர் ஆலோசனை சொன்னார்கள். எங்களால் முடியவில்லை.

திராட்சைக் கொடி பந்தல்மேல் படர்ந்திருக்கிறது. குலை தலைக்கு மேலே தொங்குகிறது. கவாத்து வெட்டுவது, துளிர் விட்டபின் நுனி கிள்ளுவது, கொடியைக் கம்பியில் கட்டுவது, பழுத்த குலையைக் கத்தரித்து இறக்குவது எல்லாமே கையைத் தூக்கி, முகத்தை நிமிர்த்திச் செய்கிற வேலை. மருந்தும் அதே இலையில்தான், அதே குலையில்தான் இருக்கிறது. வயலில் அடித்த மருந்து காலில் படும். பந்தலில் அடித்தது கண்ணில் விழும், வாயோரம் வழியும், கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கும். ஈரம் காயாத காலையில் கொடியை அசைத்தால் சொட்டுவது வெறும் பனித்தண்ணீர் அல்ல. அந்தக் கையோடுதான் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடுகிறோம். அந்தச் சேலையோடுதான் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குகிறோம்.

ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் காய் இருக்கும் என்பது நம் பள்ளத்தாக்கின் பெருமை. அதே காரணத்தால் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் மருந்தும் அடிக்கப்படுகிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அடிச்சாம்பல் நோய் பரவத் தொடங்கினால் மழை விட்ட இடைவெளியிலெல்லாம் டேங்க் ஏறும். இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என்று போகிற கூலி ஆளுக்கு, நேற்று இங்கே என்ன அடித்தார்கள் என்று எப்படித் தெரியும்? உரிமையாளரோ கங்காணியோ சொன்னால்தான் தெரியும்.

சொல்வதில்லை. கேட்டாலும் சொல்வதில்லை. "தெரிஞ்சு என்ன பண்ணப் போற?" என்கிறார்கள்.

தெரிந்தால் உயிர் பிழைக்கலாம். அதற்குத்தான் கேட்கிறோம். பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிமருந்தின் விஷம் ஏறினால் வியர்த்துக் கொட்டும், எச்சில் ஊறும், கண்பாவை சுருங்கிப் பார்வை மங்கும். அதற்கு அட்ரோபின் ஊசி இருக்கிறது. எல்லா மருந்துக்கும் அது பொருந்தாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை வேறு, பூச்சிமருந்து வேறு. உத்தமபாளையத்துக்கோ கம்பத்துக்கோ தூக்கிக்கொண்டு ஓடினாலும், அங்கிருந்து க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினாலும், மருத்துவர் முதலில் கேட்பது என்ன மருந்து என்பதைத்தான். தெரியாது என்று நிற்கிற அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்பதை எங்கள் உறுப்பினர்களின் குடும்பங்களிடம் கேளுங்கள்.

இது புதிதாகக் கேட்கப்படும் சலுகை அல்ல. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ஆம் ஆண்டு விதிகளும் மருந்தைக் கையாளும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு உடையும் சுவாசக் கவசமும் வேண்டும் என்கின்றன. டப்பாவில் உள்ள முக்கோணத்தின் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிறங்கள் விஷத்தின் அளவைக் காட்டுகின்றன. அந்த நிறத்தை ஒரு வாய் சொன்னால் போதும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்வார். மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-இல் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அப்படி ஒரு செய்தி இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போன பிறகுதான் விதியை எடுத்துப் பார்ப்பதா?

எல்லாத் தோட்டமும் இப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. முதல் நாளே ஆள்விட்டு, "நாளைக்கு வர வேண்டாம், மருந்து அடிச்சிருக்கு" என்று சொல்லி அனுப்புகிற உரிமையாளர்கள் இருக்கிறார்கள். படலில் சிவப்புத் துணி கட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குளிக்கத் தண்ணீரும் சோப்பும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். செலவில்லாமல் செய்ய முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. தாமே டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மருந்து அடிக்கும் சிறு விவசாயிகளின் உடம்பைப் பற்றியும் எங்களுக்குக் கவலை உண்டு. அவர்கள் விலை கிடைக்காமல் தவிப்பதும், கொடிக்குச் செலவழித்த கடன் நிற்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒரு மனுஷியை மதிக்கிறோம் என்று மேடையில் சொல்லிவிட்டு, அவள் நிற்கும் பந்தலில் என்ன விஷம் இருக்கிறது என்பதை மட்டும் மறைப்பது மரியாதை ஆகாது. இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மென்மையாக்கலாம் என்ற யோசனை வந்தது. பெரும்பான்மையோர் அப்படியே இருக்கட்டும் என்றார்கள்.

மூணாறு சொன்னது

2015 செப்டம்பரில் மலைக்கு மேலே மூணாற்றில், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தேயிலைத் தொழிலாளிகள் 10 சதவீத போனஸ் என்ற அறிவிப்பை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் வேலை பார்த்தது, தொழிலாளர்களே பங்குதாரர்கள் என்று புகழப்பட்ட நிறுவனத்தில். அந்தப் புகழ்ச்சி அவர்களின் வயிற்றை நிரப்பவில்லை. ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் பெற்றார்கள். அடுத்த மாதம் தேயிலைத் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. பெண்பிளை ஒருமை என்று அறியப்பட்ட அந்தப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே விடவில்லை. அது எங்களுக்கும் சேர்த்துச் சொன்ன பாடம். உறுப்பினர் கேட்டது கிடைக்குமுன் மேடையில் நாற்காலி தேடுகிற சங்கம் உறுப்பினரை இழக்கும்.

வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது உரிமையாளர்களின் குறை. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் அப்பால் ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள் நம் பெண்கள். ரிசர்வ் வங்கியின் கையேட்டின்படி 2022-23-இல் கேரளத்தில் ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி தினக்கூலி 764 ரூபாய். நாட்டின் சராசரி 346. கூலி ஒரு காரணம். நம் ஊரில் மதிப்பாக நடத்தினால் வளைந்து நெளிந்த மலைப்பாதைக்குப் பயந்தாவது பலர் இங்கேயே நிற்பார்கள் என்பது எங்கள் நம்பிக்கை.

பிற கோரிக்கைகள்

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும்; 1976-லேயே வந்த சட்டம் சொன்னது இது.

கூலி வாரக் கடைசிக்குள் கைக்கு வர வேண்டும். லோடு விற்ற பணம் வரட்டும் என்ற பேச்சு கூடாது.

தோட்டத்தில் அல்லது கூப்பிடு தூரத்தில் கழிப்பறை வேண்டும். கடை ஊழியர் உட்கார நாற்காலி வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. பந்தலடியில் ஒதுங்க மறைவு கேட்பது மிகையல்ல.

வயதில் மூத்த பெண்களை வாடி போடி என்று அழைப்பது நிற்க வேண்டும். தண்ணீர், டீ விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே டம்ளர்.

பெண்களிடம் தவறாக நடப்பவர்மீது புகார் தர, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்தில் அமைக்க வேண்டிய உள்ளூர்க் குழுவை உறுப்பினர்கள் அணுகச் சங்கம் துணை நிற்கும்.

முடிவுகள்

1. சிறந்த தொழிலாளி பெயர்ப் பட்டியலைச் சங்கம் தராது.

2. இப்போதைய நிலையில் நிர்வாகிகள் மேடையில் அமரமாட்டார்கள். விழாவுக்குப் போவதும் போகாததும் உறுப்பினரின் விருப்பம். போனவரையும் போகாதவரையும் சங்கம் ஒன்றாகவே நடத்தும். இதைச் சொல்லி யாரும் யாரையும் இழிவாகப் பேசக் கூடாது.

3. வருகிற கவாத்திலிருந்து, தோட்டத்துக்குள் நுழையுமுன் உறுப்பினர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்கள்: என்ன மருந்து, எப்போது அடித்தது, எத்தனை நாள் கழித்து இறங்கலாம். கேள்வி மரியாதையாகவே இருக்கும். பதில் வராத தோட்டத்தில் யாரும் இறங்க வேண்டியதில்லை. அதனால் வேலை மறுக்கப்பட்டால் அது ஒருவருடைய பிரச்சினை அல்ல, சங்கத்தின் பிரச்சினை.

4. மருந்தின் பெயரும் தேதியும் எழுதிய பலகையைப் படலில் தொங்கவிடுவதாகவும், காலி டப்பாவைப் பத்திரமாக வைத்திருந்து யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்புவதாகவும் உரிமையாளர்கள் விழாவுக்கு முன்பே எழுதித் தந்தால், முதல் இரண்டு முடிவுகளையும் செயற்குழு மறுபரிசீலனை செய்யும். விழா வேலைகளில் உறுப்பினர்களும் கைகொடுப்பார்கள்; நன்றி சொல்ல எங்களுக்கும் ஆசை உண்டு.

பேச்சுவார்த்தைக்கு எப்போது அழைத்தாலும் வருவோம். கேட்பது ஒரு பலகை, நாலு வார்த்தை. அதற்கு மனம் வராதவரின் பொன்னாடையை எங்கள் உறுப்பினர் தோளில் போர்த்தச் சங்கம் பெயர் எழுதித் தராது.

செயற்குழுவுக்காக,
தலைவர், செயலாளர், பொருளாளர்