விமானத்தில் தீ... அப்போதும் பேக் முக்கியமா? சிகாகோ விபத்து சொல்வது என்ன?

2016 அக்டோபர் 28. அமெரிக்காவின் சிகாகோ ஓஹேர் விமான நிலையம். மயாமிக்குக் கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 383 விமானம், 161 பயணிகள், 9 ஊழியர்களுடன் ஓடுபாதையில் வேகமெடுக்கிறது. திடீரெனப் பெரும் சத்தம். வலது இன்ஜின் வெடித்துச் சிதற, விமானிகள் டேக்-ஆஃபைக் கைவிட்டு போயிங் 767-ஐ ஓடுபாதையிலேயே நிறுத்துகிறார்கள். வலது இறக்கை பற்றி எரிகிறது.

170 பேரும் உயிர் தப்பினார்கள். ஒருவருக்குத்தான் பலத்த காயம். ஆனா, அந்தப் பதற்றத்திலும் சிலர் கையில் பேக்கோடு இறங்கினார்கள். ஊழியர்கள் ‘விட்டுட்டு வாங்க’ன்னு சொல்லியும் கேட்கலை.

என்னதான் ஆச்சு?

இன்ஜினுக்குள் அதிவேகத்தில் சுழலும் டர்பைன் டிஸ்க் ஒன்று உடைந்தது. அதன் உலோகத்துக்குள், தயாரிப்பின்போதே நுண்ணிய குறை ஒன்று இருந்திருக்க வேண்டும் என்றது அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். உடைந்த துண்டு இறக்கையைத் துளைக்க, கசிந்த எரிபொருள் தீப்பிடித்தது.

தவறு பயணிகள் பக்கம் மட்டும் இல்லை. மக்கள் இறங்கத் தொடங்கியபோது இடது இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பலத்த காயமடைந்தவரைக் கீழே தள்ளியது அதன் காற்றுதான். விமானிகளுக்கும் கேபின் ஊழியர்களுக்கும் இடையே தகவலும் சரியாகப் போகலை. இதை விமான நிறுவனங்கள்தான் சரிசெய்யணும். பேக் விஷயம் மட்டும் நம்ம கையில இருக்கு.

ஒரு பேக்கால என்ன ஆகிடும்?

புது மாடல் விமானத்துக்கு அனுமதி கிடைக்க, பாதி கதவுகளை மட்டும் பயன்படுத்தி, 90 விநாடிகளில் எல்லோரும் வெளியேற முடியும் என நிரூபிக்க வேண்டும். அந்தக் கணக்கில், மேலே இருக்கிற பெட்டியைத் திறந்து பேக் எடுக்கும் நேரம் கிடையாது. ஒருத்தர் நின்னா, பின்னாடி இருக்கிற வரிசை மொத்தமும் நிக்கும். பேக்கோட கூர்மையான பகுதி பட்டால் ஸ்லைடு கிழியலாம்.

விநாடிகளின் விலையை 1985 ஆகஸ்ட் 22-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் காட்டியது. அங்கேயும் டேக்-ஆஃபில் இன்ஜின் கோளாறு, எரிபொருள் கசிவு, தீ. விமானம் ஓடுபாதையிலிருந்து டாக்ஸிவேக்குத் திரும்பி நின்றும்கூட, 137 பேரில் 55 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது புகைதான்.

மாறாக, 2024 ஜனவரி 2-ல் டோக்கியோ ஹனேடாவில் மோதித் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பைகளை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது அதற்குப் பெரிதும் உதவியது.

‘லேப்டாப்லதான் ஆபீஸ் வேலை மொத்தமும் இருக்கு, பாஸ்போர்ட் இல்லாம என்ன பண்றது?’ கவலை நியாயம்தான். ஆனா, அதுக்கான நேரம் தீப்பிடிச்ச பிறகு இல்லை. டேக்-ஆஃப், லேண்டிங் நேரத்தில் பாஸ்போர்ட்டும் போனும் பாக்கெட்டில் இருக்கட்டும். ஷூவைக் கழற்ற வேண்டாம். பின்னாடி எந்தக் கதவு பக்கம்னு ஒருதடவை எண்ணிப் பாருங்க.

அறிவிப்பு மட்டும் போதாது என்பதும் உண்மை. பேக்கால் எவ்வளவு தாமதம், அதைத் தடுப்பது எப்படி என ஆராயச் சொல்லி சிகாகோ விசாரணைக்குப் பின் பரிந்துரைக்கப்பட்டது. ‘பேக்கை விடுங்க’ என்பதோடு, ‘விடலைன்னா பின்னாடி இருக்கிறவர் வெளியே வர முடியாது’ என்ற காரணத்தையும் சேஃப்டி வீடியோக்கள் நேரடியாகச் சொல்ல வேண்டும்.