மாஊன் என்னும் அத்தியாயம்

திருச்சிராப்பள்ளியில் நத்தர்வலி தர்காவும் தாயுமானவர் கோயிலும் லூர்து அன்னை ஆலயமும் ஒரு காலைப்பொழுதில் நடந்து காணத்தக்க அணிமையில் உள்ளன. பாலங் கடந்தால் திருவரங்கம். தொழுகைக்குக் குறைவில்லாத இவ்வூரார், எம்போன்ற கிறிஸ்தவர் உட்பட, திருக்குர்ஆனின் 107-ஆம் அத்தியாயத்தை ஒருமுறை படித்தல் நன்று. ஏழே வசனங்களையுடைய அது, தீர்ப்பினை மறுப்போன் யாவன் என வினவி, அநாதையை விரட்டுவோனையும் ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும் சுட்டுகின்றது. பின்னர்த் தொழுவோர் பக்கமே திரும்பி, பிறர் காணத் தொழுது 'மாஊன்' மறுப்போர்க்குக் கேடு என்கின்றது.

அச்சொல்லுக்குக் கடமையான ஜகாத் என்று பொருள் கூறுவர் உரையாளர் சிலர். சட்டி, வாளி, கோடரி முதலிய இரவற்பொருள் என்பர் வேறு சிலர். பின்னதே சிறந்ததென யாம் துணிகின்றோம். பெருந்தானம் மறுப்பவன் தன் வறுமையைக் காட்டித் தப்பலாம். காவிரி மணலாய்க் கிடக்குங் கோடையில் அயலார்க்குக் கிணற்றுக் கயிறு கொடாதவன் எதனைக் காட்டுவான்? (தேர்வுக்கு முன்னாள் குறிப்பேட்டை ஒளித்துவைக்கும் விடுதி மாணவரும் இவ்வினத்தவரே போலும்!)

இதனைத் தமிழில் ஈகை எனல் பொருந்தாது. வள்ளுவர் ஈகைக்கு முன்னர் ஒப்புரவறிதலைத் தனி அதிகாரமாக வகுத்தார். ஊருணியும் பயன்மரமும் ஆங்கு உவமையாயின. ஈகையில் கொடுப்போன் மேலும் ஏற்போன் கீழுமாக நிற்பர். இரவலிலோ, இன்று கயிறு இங்கிருந்து அங்குச் செல்லும். நாளை முறம் அங்கிருந்து இங்கு வரும். ஆதலின் மாஊனைத் தமிழாக்குவோர் தானம் என்றெழுதாது ஒப்புரவு என்றெழுதுக. அன்றேல் இரவல் என்றேனும் எழுதுக.