பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு எலக்ட்ரீசியன்?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவர் மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். புதூர் அரசு ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "நீங்க சொன்னா கேப்பா சார், தையல்ல சேரச் சொல்லுங்க" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். ஏன் என்று உங்களுக்கும் சொல்கிறேன்.

தையல் பெண்கள் வேலையா? நம்ம புதுமண்டபத்தில் தலைமுறை தலைமுறையாக மெஷின் மிதித்தது யார்? ஆண்கள்தானே! எலக்ட்ரீசியன் வேலை கஷ்டமா? மேலூர், திருமங்கலம் பக்கம் வெயிலில் செங்கல் சுமக்கும் சித்தாள் யார்? பெண்தானே! செங்கல் சுமக்கும்போது பாவம் பார்க்காத நாம், டெஸ்டரைக் கையில் எடுத்தால் மட்டும் பதறுகிறோம். கூலி குறைந்த வேலை என்றால் எவ்வளவு கனமானாலும் பெண்ணுக்குப் பொருந்திவிடுகிறது!

அ.லலிதா 18 வயதில் கணவரை இழந்தவர், கையில் குழந்தை. 1940களிலேயே கிண்டியில் மின்பொறியியல் படித்துப் பட்டம் வாங்கினார். 80 வருடம் கழித்து நாம் இன்னும் யோசிக்கிறோம்.

நானும் யோக்கியன் இல்லை. எத்தனையோ மாணவிகளைத் தையலுக்குத் திருப்பிவிட்டவன்தான். அவர்களில் யாராவது இதைப் படித்தால் என்னை மன்னியுங்கள் அம்மா.

அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, ஐடிஐ சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அரசு கை கொடுக்கிறது. வீடுதான் குறுக்கே நிற்கிறது. விண்ணப்பத்தில் பிள்ளை கேட்கும் பிரிவை முதலில் போடுங்கள். பையன் தையல் கேட்டாலும் அப்படியே.