காட்டுப்பன்றியைச் சுட அனுமதி: எதைக் கொண்டு குறி பார்ப்பது?

மக்காச்சோளம் பால் பிடிக்கும் நாள், நிலக்கடலை காய் இறங்கும் நாள், மரவள்ளிக் கிழங்கு பெருக்கும் நாள். இவற்றை உங்களுக்கு முன்பே தெரிந்து வைத்திருப்பது காட்டுப்பன்றிதான். சேலை கட்டிப் பார்த்தாயிற்று, முடியைத் தூவிப் பார்த்தாயிற்று, சூரிய மின்வேலியும் போட்டாயிற்று. அடுத்து என்ன என்று கேட்டால் "சுட அனுமதி கொடுங்கள்" என்ற பதில்தான் மலையோர ஊர்களில் எல்லாக் குறைதீர் கூட்டங்களிலும் வருகிறது.

தமிழக அரசு இதற்கு 2025 ஜனவரியில் ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். உழவர் சுட முடியாது. கேரளத்தில் நிலைமை வேறு. அங்கே 2022 மே மாதம் முதல் ஊராட்சித் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் ஆகியோரே கௌரவ வன உயிரினக் காப்பாளர்களாக இருந்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட ஆணையிடலாம். விஷம், வெடி, மின்சாரம் ஆகியவற்றுக்கு மட்டும் அங்கே இடமில்லை. பாலக்காட்டு எல்லையில் நிலம் உள்ள நம் உழவர்கள் "அந்தப் பக்கம் முடிகிறது, இந்தப் பக்கம் ஏன் முடியாது?" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இரண்டு மாநிலங்களிலும் பேச்சு "யார் சுடலாம்" என்பதிலேயே நின்றுவிடுகிறது. சுடுகிறவர் எந்த வெளிச்சத்தில், எத்தனை மீட்டரில், எதைக் கொண்டு குறி பார்க்கிறார் என்பது பேசப்படுவதில்லை. வயலில் நடப்பதைத் தீர்மானிப்பது அதுதான். குறி ஒரு சாண் தவறினால் பன்றி சாகாது. வயிற்றிலோ காலிலோ குண்டு வாங்கிக்கொண்டு பக்கத்துக் கரும்புக்குள் போய்ப் படுக்கும். மறுநாள் காலை அந்தக் கரும்புக்குச் சோகை உரிக்கப் போகிறவர் மீது பாயும்.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன துப்பாக்கி?

ஆயுதச் சட்டம் 1959-ன் 13-வது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கென்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைத்தான். பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் என்றால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்வரி இல்லாத துப்பாக்கி. அதாவது நாம் 12 போர் என்று சொல்லும் வகை. ரைபிள் வேண்டும் என்றால் தக்க காரணத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டும். எனவே ஊரில் பத்து உரிமத் துப்பாக்கி இருந்தால் பெரும்பாலும் 12 போராகத்தான் இருக்கும். ரைபிள் இருந்தால் அது இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய லீ என்ஃபீல்டு ராணுவ ரைபிளின் அமைப்பில் வந்த துப்பாக்கி அது.

12 போர் வைத்திருப்பவர்களுக்கு ஸ்கோப் பற்றிய கவலையே வேண்டாம். எஸ்.ஜி., எல்.ஜி. தோட்டாக்கள் 30, 35 மீட்டருக்கு மேல் சிதறிவிடும். அந்தத் தூரத்துக்குக் குழல் முனையில் இருக்கும் ஒற்றைக் குமிழே போதும். அவர்கள் செலவழிக்க வேண்டியது பரண் கட்டவும் நல்ல டார்ச் வாங்கவும்தான். கேள்வி ரைபிளுக்குத்தான் எழுகிறது.

இரும்புக் குறியின் கணக்கு

ரைபிளோடு வரும் குறி இரண்டு துண்டு இரும்பு. கண்ணுக்கு அருகில் ஒரு பள்ளம், குழல் முனையில் ஒரு குமிழ் அல்லது முள். பள்ளத்தின் நடுவில் முள்ளை நிறுத்தி, முள்ளின் நுனியில் பன்றியை வைக்க வேண்டும். பள்ளம், முள், பன்றி ஆகிய மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண்ணோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். இருபது வயதில் கண் சட்டென்று தூரம் மாற்றிக்கொள்ளும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல், செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கத் தொடங்கிய பிறகு, பின் பள்ளம் வெறும் மங்கலாகத்தான் தெரியும். உங்கள் ஊரில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களின் வயதை ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே அரை மீட்டர் இருப்பதாகக் கொள்வோம். பள்ளத்தின் நடுவிலிருந்து முள் 1 மில்லிமீட்டர் விலகினால், 50 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகும். 100 மீட்டரில் 20 சென்டிமீட்டர். பன்றியின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு சாண் அகலம்தான். இன்னொன்றும் உண்டு. 2 மில்லிமீட்டர் அகலமுள்ள முன்முள் உங்கள் கண்ணிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருந்தால், 100 மீட்டரில் அது மறைக்கும் அகலம் 25 சென்டிமீட்டர். அதாவது அடிக்க வேண்டிய இடம் முழுவதையும் முள்ளே மறைத்துக்கொள்கிறது. 50 மீட்டரில் பாதிதான் மறைக்கும், சமாளிக்கலாம்.

இதனால் இரும்புக் குறி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது மழையில் மூடாது, கீழே விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, பேட்டரி கேட்காது, கூடுதல் எடை இல்லை. பகல் வெளிச்சத்தில், 50 மீட்டருக்குள், நல்ல கண்ணுள்ளவர் கையில் அதற்குக் குறை சொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால், பன்றி பகலில் வருவதில்லை. பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் வருகிறது. அந்த நேரத்தில் கருப்பு முள், கருப்புப் பன்றி, பின்னால் கருப்பு வரப்பு. முள்ளின் நுனியில் வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு வைப்பது பழைய வேட்டைக்காரர்களின் வழக்கம். கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

குறைந்த சக்தி ஸ்கோப் ஏன்?

ஸ்கோப் என்றவுடன் நீளமான, பெரிய கண்ணாடி வைத்த கருவியை நினைக்க வேண்டாம். நமக்குப் பொருந்துவது 1 முதல் 4 மடங்கு வரை பெரிதாக்கும் சிறிய ஸ்கோப். ஐரோப்பாவில் காட்டுப்பன்றியைக் கலைத்து ஓட்டிச் சுடும் வேட்டையில் பலரும் வைத்திருப்பது இந்த வகையைத்தான். பெரிதாக்குவதைவிட அதில் முக்கியமான நன்மை வேறு. குறுக்குக் கோடும் பன்றியும் ஒரே தளத்தில் தெரியும். மூன்றில் எதைப் பார்ப்பது என்ற தடுமாற்றம் இல்லை. வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

அடுத்தது வெளிச்சம். ஸ்கோப்பின் முன்கண்ணாடி விட்டத்தை அதன் மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 24 மில்லிமீட்டர் கண்ணாடியை 4 மடங்கில் வைத்தால் 6 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும், அறுபது வயதில் 5 வரை விரிந்தாலே அதிகம். ஆகவே 6 மில்லிமீட்டர் தாராளம். கடையில் "பெரியது வாங்குங்கள்" என்று 9 மடங்கு, 40 மில்லிமீட்டர் ஸ்கோப்பை நீட்டுவார்கள். 9 மடங்கில் அது கொடுப்பது 4.4 மில்லிமீட்டர்தான். மடங்கு கூடக் கூட, தெரியும் பரப்பும் சுருங்கும். 1 மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 30 மீட்டர் அகலம் கண்ணில் படும். 4 மடங்கில் அது 9 மீட்டர் அளவுக்குக் குறையும். பன்றி கூட்டமாக வரும் வயலில் பரப்பு வேண்டும். முன்னால் வருவது தாய்ப்பன்றியா, பின்னால் குட்டிகள் வருகின்றனவா என்பது அதில்தான் தெரியும். பால் கொடுக்கும் தாயைச் சுட்டுவிட்டால் குட்டிகள் வயலிலேயே கிடந்து சாகும்.

ஒரு எச்சரிக்கை. பன்றியா, நாயா, ஆளா என்று பார்ப்பதற்கு ஸ்கோப்பைப் பயன்படுத்தாதீர்கள். ஸ்கோப்பில் பார்க்கிறீர்கள் என்றால் துப்பாக்கி அந்த உருவத்தை நோக்கி நீண்டிருக்கிறது என்று பொருள். பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட துயரங்கள் இங்கும் நடந்திருக்கின்றன, கேரளத்திலும் நடந்திருக்கின்றன. அடையாளம் காண டார்ச்சோ பைனாகுலரோ வேண்டும். அதன் பிறகுதான் துப்பாக்கி தோளுக்கு வர வேண்டும்.

ஸ்கோப் கேட்கும் கூலி

ஸ்கோப் வாங்கினால் வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. துப்பாக்கியின் உடலில் மவுண்ட் பொருத்த இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் துளை போட வேண்டும். பட்டறையில் லேத் வைத்திருக்கும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். துப்பாக்கியைப் பழுது பார்க்கவே உரிமம் வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில்தான் அந்த வேலை நடக்க வேண்டும். அதற்கு முன் உங்கள் உரிமத்தை வழங்கிய அலுவலகத்தில் எழுத்தில் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஏர்கன்னுக்கென்று விற்கும் மலிவு ஸ்கோப்பை .315-ல் மாட்டினால், அந்த உதைப்புக்குச் சில தோட்டாக்களிலேயே குறி நகரத் தொடங்கிவிடும். நகர்ந்தது உங்களுக்குத் தெரியாது. தெரிவது பன்றி ஓடிய பிறகுதான். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 8 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். குறைந்தால் உதைப்பில் புருவம் கிழியும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் மழைக்காலப் பனியில் கண்ணாடி மூடிக்கொள்ளும். உள்ளே நைட்ரஜன் அடைத்த ஸ்கோப்பில் உட்புறம் மூடாது. வெளிப்புறத்துக்கு உலர்ந்த பருத்தித் துணியும் மூடியும் கூடவே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு தோட்டா. ஸ்கோப் காட்டும் இடமும் குண்டு போகும் இடமும் ஒன்றாக வரும்வரை சுட்டுச் சுட்டுத் திருக வேண்டும். முதலில் 25 மீட்டரில், பிறகு 50 மீட்டரில். பல ஸ்கோப்களில் ஒரு கிளிக் திருகினால் 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர் நகரும். 25 மீட்டரில் அதே அளவு நகர நான்கு கிளிக் வேண்டும். இது தெரியாமல் தோட்டாவை வீணாக்குவோர் உண்டு. மூன்று குண்டு சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருக வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை திருகினால் குறி எப்போதும் நிலைக்காது. எப்படிப் பார்த்தாலும் பத்துப் பன்னிரண்டு தோட்டா போகும். உங்கள் உரிமத்தில் ஆண்டுக்கு எத்தனை தோட்டா என்று எழுதியிருக்கிறது, பாருங்கள். அதில் பாதி இந்த வேலைக்கே போய்விடும் என்றால், வயலுக்கு மிச்சம் என்ன? இதைச் சொந்தத் தோட்டத்தில் செய்யவும் கூடாது. ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். ரைபிள் கிளப்பின் சுடுதளம்தான் இடம்.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அங்கே அடுக்கி வைத்து, எடுத்து, மாற்றி வைத்து, இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும் துப்பாக்கியில் இரும்புக் குறி அப்படியே இருக்கும். ஸ்கோப் இருக்கும் என்று நம்பாதீர்கள். கழற்றி எடுத்துக்கொண்டு ஒப்படைத்தாலும், திரும்ப மாட்டும்போது குறியை மறுபடி சரிபார்க்கத்தான் வேண்டும். மறுபடியும் தோட்டா.

எது யாருக்கு?

கேரளப் பகுதியில் உரிம ரைபிளோடு ஊராட்சியின் பட்டியலில் இருப்பவர், நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர், சுடுதளம் எட்டும் தூரத்தில் இருப்பவர் என்றால், 1 முதல் 4 மடங்கு ஸ்கோப்பே சரி. இருட்டில் அதை 2 அல்லது 3 மடங்கில் வைத்துக்கொள்ளலாம். தோட்டா கிடைக்காது, சுடுதளம் இல்லை, மவுண்ட் பொருத்த இடமில்லை என்றால் இரும்புக் குறியோடு இருங்கள். ஆனால் 50 மீட்டரைத் தாண்டிச் சுடுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். குறி பிசகிய ஸ்கோப்பைவிடச் சரியாக இருக்கும் இரும்புக் குறி எவ்வளவோ மேல். எந்தக் குறியானாலும் பரண் மீதிருந்து கீழ்நோக்கிச் சுடுவதே நல்லது. தவறிய குண்டு மண்ணுக்குள் போகும், அடுத்த தோட்டத்துச் சாளைக்குப் போகாது.

தமிழகத்தில் சுட வேண்டியது வனத்துறை என்பதால் நம் கேள்வியை அவர்களிடம்தான் வைக்க வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் அது காடல்ல. தோட்டத்து வீடுகளும் ஆட்டுப் பட்டிகளும் இரவு நீர் பாய்ச்சும் ஆட்களும் உள்ள இடம். அங்கே துப்பாக்கி எடுக்கும் பணியாளருக்கு எந்தக் குறியுள்ள துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது அதைச் சுடுதளத்தில் சரிபார்த்தார்கள், ஆண்டுக்கு எத்தனை தோட்டா பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள்? அடுத்த குறைதீர் கூட்டத்தில் "எப்போது சுடுவீர்கள்?" என்பதோடு இந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். விரிவாக்கப் பணியாளர்களும் சேத மனு எழுதித் தரும்போது பன்றி எத்தனை மணிக்கு, எந்த வரப்பு வழியாக, எத்தனை உருப்படி வந்தது, அருகில் எந்தத் திசையில் வீடு இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். எங்கே பரண் கட்டுவது, எந்தப் பக்கம் குழலைத் திருப்பக் கூடாது என்பதை வருகிறவர் அதிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.