வேடந்தாங்கல்: 30 ஹெக்டேர் ஏரிக்கு எதுக்கு 5 கி.மீ. பாதுகாப்பு?

டிசம்பர் பிறந்தாச்சுன்னா, பைனாகுலரை மாட்டிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்புபவர்களின் முதல் சாய்ஸ் செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கல். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஆனால் 1998 அறிவிப்பின்படி, ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயம். 2020-ல் இதை 3 கி.மீ. ஆகக் குறைக்க வனத்துறை முன்மொழிந்தபோது எதிர்ப்பு கிளம்பியது, வழக்கும் போடப்பட்டது.

‘பறவைங்க ஏரியிலதானே இருக்கு, மிச்ச இடம் எதுக்கு?’ நியாயமான கேள்விதான். பதில் சீசனில் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, மரங்களின் அடிப்பகுதி தண்ணீரில் நின்றதும் பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நரியோ பூனையோ நெருங்குவது கஷ்டம். சரி, சாப்பாடு? ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு இந்தச் சின்ன ஏரியின் மீன் எப்படிப் போதும்? அதனால்தான் நத்தைகுத்தி நாரை நெல்வயலில் நத்தை பொறுக்கப் போகிறது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் பக்கத்து ஏரிகளில் மீன் பிடிக்கின்றன. வயலில் பூச்சிமருந்து கூடினாலோ, வயலே பிளாட் ஆனாலோ அடி விழுவது கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு.

கோடையில் ஏரி வற்றும்போது பறவைகள் கலைந்துவிடும். ‘ஃபாரின் பறவைங்க ஊருக்குப் போயிடுச்சு’ என்பது பாதி உண்மைதான். ஊசிவால் வாத்து போன்றவை வடக்கே வெகுதூரம் திரும்புகின்றன. கூடு கட்டும் நாரைகளும் கூழைக்கடாக்களும் பெரும்பாலும் நம்ம ஊர்ப் பறவைகள். வேறு நீர்நிலைகளைத் தேடிப் போகின்றன, அவ்வளவுதான்.

கிராமத்தினருக்கு இது புதுக் கதை இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஆணை வாங்கியவர்கள். தீபாவளிக்குப் பட்டாசைக்கூட தவிர்க்கிறார்கள்.

5 கி.மீ.க்குள் கிராமங்களும் பட்டா நிலங்களும் இருப்பதால், கட்டுப்பாடுகள் பற்றிய குறைகளில் நியாயம் உண்டு. அதற்கு எல்லையைச் சுருக்குவதுதான் வழியா என்றால், கணக்கு இடிக்கிறது. 5-ஐ 3 ஆக்கினால் குறைவது இரண்டே கிலோமீட்டர் மாதிரி தெரியும். பரப்பளவில் போவதோ 60 சதவீதத்துக்கும் மேல். அதில்தான் அந்த வயல்களும் ஏரிகளும் வருகின்றன.

போகிறவர்கள் சாயங்காலம் 4 மணிக்கு மேல் வாட்ச் டவர் ஏறினால், இரை தேடிப் போன பறவைகள் எந்தெந்தத் திசையிலிருந்து திரும்புகின்றன என்று நேரிலேயே பார்க்கலாம்.